தோல்விக்கு ஒரு பட்ஜெட்

2025 ஜூன் 12. நியூயார்க் மெட்ஸ் அணியின் கணக்கு 45 வெற்றி, 24 தோல்வி. மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடும் 30 அணிகளில் அன்றைக்கு இதைவிட நல்ல கணக்கு யாரிடமும் இல்லை. ஹுவான் சோட்டோவுக்கு 15 வருஷ ஒப்பந்தத்தில் 76.5 கோடி டாலர் கொடுத்த அணி. ரசிகர்கள் அக்டோபர் டிக்கெட் விலையை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதே நாள் ஆட்டத்தில் அவர்களுடைய முன்னணி பிட்சர் (பந்து வீசுபவர்) கோடாய் செங்கா முதல் பேஸில் எகிறிப் பந்தைப் பிடித்தார். தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. அப்போது அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.47. அதாவது 9 இன்னிங்ஸுக்கு சராசரியாக ஒன்றரை ரன்கூடக் கொடுக்காதவர்.

அதற்குப் பிறகு மெட்ஸ் ஆடிய 93 ஆட்டங்களில் 38 வெற்றி, 55 தோல்வி. கடைசி நாளில் மயாமியிடம் 4-0. முடிவில் 83-79. சின்சினாட்டி ரெட்ஸும் 83-79. நேருக்கு நேர் மோதிய 6 ஆட்டங்களில் ரெட்ஸ் 4 ஜெயித்திருந்ததால் பிளேஆஃபில் மீதியிருந்த கடைசி இடம் அவர்களுக்குப் போனது. அந்த 55 தோல்வியில் ஒன்றே ஒன்று குறைந்திருந்தால் மெட்ஸ் உள்ளே.

"சீசன் கையில் இருந்தது, கோட்டைவிட்டார்கள்" என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கையில் இருந்தது என்பதிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. பேஸ்பால் சீசனை வெற்றிகளை எண்ணிப் பின்தொடர்கிற வரைக்கும் இந்த ஏமாற்றம் வருஷா வருஷம் வரும். எண்ண வேண்டியது தோல்விகளை.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடாது. ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம். நான்கு தோற்றால் வயிற்றைக் கலக்கும். இங்கே 162 ஆட்டம். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, வாரத்துக்கு ஆறு நாள். 2025-இல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த மில்வாக்கி 65 ஆட்டம் தோற்றது. கோப்பையைத் தூக்கிய லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 69 ஆட்டம் தோற்றது. எந்த அணியும் 54 ஜெயிக்கும், 54 தோற்கும், மீதி 54-இல்தான் விஷயம் இருக்கிறது என்று அங்கே பழைய பேச்சு ஒன்று உண்டு. (2024-இல் 121 ஆட்டம் தோற்ற சிகாகோ வொயிட் சாக்ஸுக்கு அந்தப் பேச்சை யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. மொத்த வெற்றியே 41.)

ஆக, தோல்வி என்பது மாதச் செலவு மாதிரி. வரத்தான் செய்யும், எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி.

எவ்வளவு தாங்கும்? 30 அணிகளும் நேஷனல், அமெரிக்கன் என்று இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் மூன்று டிவிஷன். 2022 முதல் ஒவ்வொரு லீக்கிலும் 6 அணிகள் பிளேஆஃப் போகின்றன: மூன்று டிவிஷன் முதலிடங்கள், மற்றவர்களில் நல்ல கணக்கு உள்ள மூன்று அணிகள், அதாவது வைல்ட் கார்டுகள். 2025 வரை நான்கு சீசன்களில் கடைசி வைல்ட் கார்டு பிடித்த அணிகளைப் பாருங்கள். நேஷனல் லீக்கில் 87, 84, 89, 83 வெற்றி. அமெரிக்கன் லீக்கில் 86, 89, 86, 87. தோல்வியாகத் திருப்பிப் போட்டால் 73-லிருந்து 79 வரை. நடுவாக 75 என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 27 ஆட்டத்தில் 12 அல்லது 13 தோல்விக்கு இடம் இருக்கிறது. உங்கள் அணி ஏப்ரலில் 12-15 என்று முடித்தால் வானம் இடிந்து விழவில்லை, இரண்டு மூன்று தோல்வி கடன் வாங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

இதை வைத்து டெட்ராய்ட் டைகர்ஸ் கதையைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். 2025 ஜூலை 8 அன்று 59-34. கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ் 42-48. இடைவெளி 15.5 ஆட்டம் (இதைக் கணக்கிடும் விதம் கீழே வருகிறது). அவ்வளவு பின்னால் இருந்த கார்டியன்ஸ் 46-26 என்று ஓடி வந்து 88-74 உடன் டிவிஷனைப் பறித்தார்கள். டைகர்ஸ் மீதி 69 ஆட்டத்தில் 41 தோற்றார்கள். வரலாற்றிலேயே பெரிய சரிவு என்று எல்லோரும் எழுதினார்கள், சரிதான். ஆனால் மொத்தத் தோல்வி? சரியாக 75. பட்ஜெட்டுக்குள். ஏப்ரல், மே மாதங்களில் சேர்த்து வைத்தது செப்டம்பரில் சோறு போட்டது. வைல்ட் கார்டில் நுழைந்து, முதல் சுற்றிலேயே அதே கார்டியன்ஸை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஏப்ரல் ஆட்டத்துக்கு மதிப்பில்லை" என்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். ஏப்ரல் ஆட்டத்தை வைத்து அணியின் தரத்தை முடிவு செய்யக் கூடாது; அதில் விழுந்த தோல்வி மட்டும் கணக்கிலிருந்து எங்கேயும் போகாது. இரண்டும் வேறு வேறு.

தரத்தை ஏன் முடிவு செய்யக் கூடாது? பத்தில் ஆறு ஜெயிக்கும் திறமை உள்ள அணி, அதாவது சீசன் முடிவில் 97 வெற்றி பெறக்கூடிய அணி, ஏதாவது ஒரு 10 ஆட்டத்தில் நான்கோ அதற்குக் கீழோ ஜெயிக்க ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. காரணம் எதுவும் தேவையில்லை. மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, மாற்றவும் தேவையில்லை. பேட்டருக்கும் இதே கதி. .300 அடிக்கும், அதாவது பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் எடுக்கும் ஆளுக்கு ஒரு நாளில் நான்கு வாய்ப்பு கிடைத்தால், நான்கிலும் வெறுங்கையோடு திரும்புவது நான்கு நாளுக்கு ஒரு நாள் நடக்கும். முழு 162 ஆட்டம் ஆடியும்கூட, பாதிக்குப் பாதி ஜெயிக்கக்கூடிய சாதாரண அணி வெறும் அதிர்ஷ்டத்தால் 75-க்கும் 87-க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். மூன்றில் ஒரு தடவை அதையும் தாண்டிப் போகும்.

அப்படியானால் தரத்துக்கு எதைப் பார்ப்பது? ரன் வித்தியாசம். எடுத்த ரன்னிலிருந்து கொடுத்த ரன்னைக் கழியுங்கள். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது கைக்கணக்கு. சீசன் முழுக்க 750 எடுத்து 650 கொடுத்த அணிக்கு 100 ரன் மிச்சம். 81-உடன் 10 சேர்த்தால் 91 வெற்றி. கொஞ்சம் துல்லியமாக வேண்டுமானால், எடுத்த ரன்னின் வர்க்கத்தை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து 162-ஆல் பெருக்குங்கள். 92 அல்லது 93 வரும். நம்ம நெட் ரன் ரேட் மாதிரி இது சமநிலை வந்தால் மட்டும் எடுத்துப் பார்க்கும் எண் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே இதற்கு அதிகாரப்பூர்வ மதிப்பு கிடையாது, ஆனால் நாளை என்ன நடக்கும் என்பதை வெற்றிக் கணக்கைவிட நன்றாகச் சொல்லும்.

2016 டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் இதற்கு நல்ல பாடம். 95 வெற்றி. ரன் வித்தியாசம் வெறும் 8. ஒரு ரன்னில் முடிந்த ஆட்டங்களில் 36-11. நெருக்கடியில் ஜெயிக்கத் தெரிந்த அணி, நெஞ்சுரம் என்றெல்லாம் எழுதித் தள்ளினார்கள். பிளேஆஃபில் டொராண்டோ மூன்றே ஆட்டத்தில் முடித்து அனுப்பியது. அடுத்த வருஷம் 78-84. ஒரு ரன் வெற்றி பெரும்பாலும் காசு சுண்டுவதுதான். நல்ல குளோசர் (கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் பிட்சர்) இருந்தால் கொஞ்சம் சாயும். 36-11 அளவுக்குச் சாயாது.

இப்போது அட்டவணைக்கு வருவோம். ஜி.பி. என்று ஒரு கட்டம் இருக்கும், எத்தனை ஆட்டம் பின்தங்கி என்று. வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தது. முதல் அணி 80-60, அடுத்தது 77-61 என்றால் மூன்றும் ஒன்றும் நான்கு, பாதி இரண்டு. இரண்டு ஆட்டம் பின்னால். ஆனால் தோல்விக் கட்டத்தில் ஒன்றுதான் வித்தியாசம். பின்னால் இருப்பவருக்கு இன்னும் இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கிறது. ஆடாத ஆட்டத்தை ஜெயிக்கலாம், தோற்றதைத் திருப்பி வாங்க முடியாது. செப்டம்பரில் பழைய ரசிகர்கள் வெற்றிக் கட்டத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.

செப்டம்பர் நடுவில் மேஜிக் நம்பர் பேச்சு வரும்: முதலிடம் உறுதியாக இன்னும் எத்தனை வேண்டும் என்ற எண். 163-லிருந்து முதல் அணியின் வெற்றியையும் இரண்டாம் அணியின் தோல்வியையும் கழியுங்கள். 90 வெற்றி, எதிரிக்கு 70 தோல்வி என்றால் 3. நாம் ஜெயித்தாலும் ஒன்று குறையும், அவர்கள் தோற்றாலும் ஒன்று குறையும். இதில் பலர் தவறவிடுவது சமநிலை விதியை. நேருக்கு நேர் கணக்கு ஏற்கெனவே உங்கள் அணிக்குச் சாதகமாக முடிந்திருந்தால் 163-க்குப் பதிலாக 162 போடுங்கள். ஆகஸ்டிலேயே அந்தக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே டிவிஷன் எதிரியோடு 13 ஆட்டம், அதே லீக்கின் மற்ற டிவிஷன் அணிகளோடு ஆறோ ஏழோதான். மெட்ஸும் ரெட்ஸும் ஆடிய அந்த ஆறு ஆட்டங்களை அன்றைக்கு எத்தனை பேர் கவனித்துப் பார்த்தார்கள்?

இங்கே ஒரு மனக்குறை. 2022-க்கு முன் சமநிலை வந்தால் 163-வது ஆட்டம் என்று ஒன்று வைப்பார்கள். 1978-இல் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் நியூயார்க் யாங்கீஸின் பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன் அப்படி ஓர் ஆட்டத்தில்தான். பிளேஆஃப் அணிகளைக் கூட்டுவதற்காக அதை எடுத்துவிட்டார்கள். 2025-இல் மெட்ஸ்-ரெட்ஸ் ஒன்று, 94-68 என்று சமமாக முடிந்து டிவிஷன் டொராண்டோவுக்குப் போன யாங்கீஸ்-டொராண்டோ புளூ ஜேஸ் இன்னொன்று. இரண்டு 163-வது ஆட்டங்களைத் தாளில் தீர்த்துவிட்டார்கள். டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கத்து நம் ஆட்களுக்கு இதில் வருத்தம் இருக்காது, தெரியும். எனக்கு இருக்கிறது.

சரி, பட்ஜெட் எங்கே உடைகிறது? பெரும்பாலும் பிட்சர்களின் கையில். ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்கள், அதாவது ஸ்டார்ட்டர்கள், ஐந்து பேர், முறை வைத்து ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒருவர். ஒருவர் 5 இன்னிங்ஸ் தாண்டாமல் வெளியேறினால் மீதி நான்கை புல்பென், அதாவது மாற்றுப் பிட்சர்கள் கூட்டம், சுமக்க வேண்டும். அந்த வலி அன்றைக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து 7-வது இன்னிங்ஸில் யாரை அனுப்புவது என்று தெரியாமல் முழிக்கும்போது தெரியும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன் ஸ்டார்ட்டர் எத்தனை இன்னிங்ஸ் வீசினார் என்று பாருங்கள். ஒரே வாரத்தில் மூன்று தடவை நான்கு, நாலரை என்று இருந்தால் அடுத்த வாரம் தோல்வி வரிசை வரும் என்று எதிர்பார்க்கலாம். காயப் பட்டியலில் பிட்சருக்குக் குறைந்தது 15 நாள். அதாவது இரண்டு மூன்று முறைகள் போச்சு. "முன்கையில் இறுக்கம்" என்று செய்தி வந்தால்தான் வயிறு கலங்க வேண்டும். முழங்கைத் தசைநாரில் கிழிசல் என்று அது பல தடவை முடிந்திருக்கிறது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்த அறுவை சிகிச்சையை அந்தப் பிட்சர் பெயராலேயே இன்றும் சொல்கிறார்கள். திரும்பி வர 12 முதல் 18 மாதம்.

பதற்றத்தில் முறையை உடைப்பது அதைவிட ஆபத்து. 1964-இல் பிலடெல்பியா பில்லீஸ் 12 ஆட்டம் மீதியிருக்க 6.5 ஆட்டம் முன்னால் இருந்தது. மேனேஜர் ஜீன் மாக், ஜிம் பன்னிங்கையும் கிறிஸ் ஷார்ட்டையும் இரண்டே நாள் ஓய்வில் திரும்பத் திரும்ப இறக்கினார். தொடர்ந்து 10 தோல்வி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் ஒரே ஆட்டத்தில் போனது.

எதிர்ப்பக்கம் 2019 வாஷிங்டன் நேஷனல்ஸ். மே 23 அன்று 19-31. மேனேஜரைத் துரத்து என்று ஊரே கத்தியது. துரத்தவில்லை. ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின் என்று ஸ்டார்ட்டர் வரிசை கெட்டியாக இருந்தது, ஓட்டை புல்பெனில். மீதி 112 ஆட்டத்தில் தோல்வி 38 மட்டும். வைல்ட் கார்டாக நுழைந்து இறுதிச் சுற்றான வேர்ல்டு சீரிஸ் ஏழு ஆட்டம் வரை போய்க் கோப்பை வாங்கினார்கள். அந்த ஏழிலும் வெளியூர் அணியே ஜெயித்தது தனிக் கூத்து.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு: நியூயார்க் மாலை 7:05 ஆட்டம் நமக்கு அதிகாலை 4:35. கலிபோர்னியா இரவு ஆட்டம் காலை 7:40 வாக்கில், காபியோடு. தினமும் பார்க்க முடியாது, தேவையும் இல்லை. வாரம் இரண்டு முழு ஆட்டம்; மற்ற நாளுக்கு ஸ்டார்ட்டர் இன்னிங்ஸ், புல்பென் யார் யார், தோல்விக் கட்டம், இந்த மூன்று போதும். ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வீரர் பரிமாற்றக் கெடு வரும்போது ஏறக்குறைய 108 ஆட்டம் முடிந்திருக்கும். அப்போது ரன் வித்தியாசம் மைனஸில் இருந்துகொண்டு, ஒரு ரன் வெற்றிகளால் மட்டும் மேலே நிற்கும் அணி எதிர்கால வீரர்களைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கினால், அந்த மகிழ்ச்சியில் சேராதீர்கள்.

கடைசி ஞாயிறு மட்டும் தூக்கத்தை விட்டுவிடலாம். எல்லா ஆட்டங்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தொடங்கும், நமக்கு நள்ளிரவு 12:30 தாண்டி. முன்பு அப்படி இல்லாமல் வார நாளில்கூட சீசன் முடியும். 2011 செப்டம்பர் 28 ஒரு புதன்கிழமை. மாதத் தொடக்கத்தில் 9 ஆட்டம் முன்னால் இருந்து, அந்த மாதத்தில் 7-20 என்று சரிந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ், பால்டிமோரில் 9-வது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டான பிறகு முன்னிலையை விட்டுத் தோற்றது. ஃப்ளோரிடாவில் யாங்கீஸிடம் 7-0 என்று பின்தங்கியிருந்த டாம்பா பே ரேஸ், பாஸ்டனோடு அதே இடத்துக்குப் போட்டியிட்ட அணி, 9-வதில் சமன் செய்து 12-வதில் இவான் லாங்கோரியாவின் ஹோம் ரன்னில் ஜெயித்தது. ரேஸ் உள்ளே, பாஸ்டன் வெளியே. பாஸ்டன் தோற்றதற்கும் இந்த ஹோம் ரன்னுக்கும் நடுவே சில நிமிடம்தான். ஆகவே அந்த இரவுக்கு இரண்டு திரை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அணிக்கு ஒன்று, தோல்விக் கட்டத்தில் அதோடு சமமாக நிற்கும் அணிக்கு ஒன்று. நேருக்கு நேர் கணக்கைப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.