என் பாட்டி செக்கு ஆட்டியதே இல்லை

"உங்க கதை என்ன மேம்?" என்று கேட்பார்கள். நாம் வாயைத் திறந்து சொல்லத் தொடங்குவதற்குள், அவர்களே ஒரு கதையைத் தயாராக வைத்திருப்பார்கள். சிறு தொழில் செய்கிறவர்களிடம் வந்து "பிராண்ட் ஸ்டோரி" எழுதித் தருகிறேன் என்று காசு வாங்கும் இந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருக்கிறது என்பதை இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நானும் என் கணவரும் திண்டிவனம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறோம். மல்லாட்டை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, தெற்கே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இதையும் எங்கள் கதையை எழுத வந்த விளம்பர நிறுவனம் "லோக்கலா இருக்கு" என்று வெட்டிவிட்டது. உள்ளூர் எண்ணெய் என்று சொல்லித்தானே ஐயா விற்கப் போகிறோம்? உள்ளூர்ப் பேச்சு மட்டும் ஏன் கசக்கிறது?

அவர்கள் எழுதிக்கொண்டு வந்த கதை இது. நான் சின்ன வயதில் பாட்டி மடியில் உட்கார்ந்து செக்கு சுற்றுவதைப் பார்த்தேனாம். பிறகு சென்னையில் ஐடி கம்பெனியில் பெரிய சம்பளத்தில் வேலை பார்த்தேனாம். மன அழுத்தமாம். ஒருநாள் ஊருக்கு வந்தபோது மண்வாசனை என்னைக் கூப்பிட்டதாம். வேலையை உதறிவிட்டுப் பாட்டியின் ரகசியத்தைக் கையில் எடுத்தேனாம். ஒவ்வொரு துளியிலும் பாட்டியின் அன்பு இருக்கிறதாம்.

இதில் ஒரு வரி கூட என்னுடையது இல்லை. நான் ஐடியில் வேலை பார்த்ததே கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். செக்கு போட்டதற்குக் காரணம் மண்வாசனை இல்லை. எங்கள் நிலத்தில் விளைந்த காயை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தால் உழவுக்கூலி கூட மிஞ்சாது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். எண்ணெயாக்கி விற்றால் மிஞ்சும் என்று தெரிந்தது. கடன் வாங்கிச் செக்கு போட்டோம். இதைச் சொன்னபோது அந்த நிறுவனத்திலிருந்து வந்த பையன், "இதுல எமோஷன் இல்லையே மேம்" என்றான். அந்தக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்டுகிறவளிடம் உணர்ச்சி இல்லை என்கிறான்!

இனி என் பாட்டியைப் பற்றி. என் பாட்டி செக்கு ஆட்டியதே இல்லை. அவள் மல்லாட்டை பிடுங்கப் போனவள். செடியிலிருந்து காய் ஆய்ந்து கொடுத்தால் கூலியைக் காயாகவே அளந்து தருவார்கள். அந்தக் காயில் பாதியைக் கடையில் போட்டு அரிசி வாங்குவாள். வீட்டில் எண்ணெய் என்பது ஆழாக்குக் கணக்கு. தாளிக்கும்போது கரண்டியைச் சாய்க்க மாட்டாள், தொட்டு எடுப்பாள். ஊர் முழுக்க எண்ணெய் வித்தை ஆய்ந்து கொடுத்த பெண்ணுக்குத் தன் வீட்டில் எண்ணெய் ஊற்றிச் சமைக்க முடியவில்லை. அவளுடைய பேத்தி இன்று செக்கு வைத்திருக்கிறாள். கதை வேண்டும் என்றால் இதோ இருக்கிறது! இதைச் சொன்னேன். "ரொம்ப சோகமா இருக்கு, வாங்குறவங்க மூட் போயிடும்" என்று சொல்லிவிட்டு, அவள் இடத்தில் பட்டுப்புடவை கட்டி, மூக்குத்தி போட்டு, சிரித்துக்கொண்டே எண்ணெய் ஊற்றும் ஒரு பாட்டியின் படத்தை வைத்தார்கள். என் பாட்டியை அழித்துவிட்டு எனக்கு வேறொரு பாட்டியைக் கொடுக்க இவர்கள் யார்?

அந்தப் பாட்டி நம்ம ஊர்ப் பாட்டி கூட இல்லை. அமெரிக்காவில் 1921-இல் ஒரு மாவு கம்பெனிக்கு வீட்டுப் பெண்களிடமிருந்து சமையல் சந்தேகங்கள் கடிதமாகக் குவிந்தன. பதில் கடிதத்தில் ஒரு பெண் பெயர் இருந்தால் நெருக்கமாக இருக்கும் என்று பெட்டி கிராக்கர் என்ற பெயரை உருவாக்கினார்கள். ஓய்வு பெற்ற ஓர் இயக்குநரின் குடும்பப் பெயரை எடுத்து, முன்னால் பெட்டி என்று சேர்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பெண் இருந்ததே இல்லை. நூறு வருஷம் கழித்து அதே வித்தையைக் கண்டாங்கி கட்டி நம்மிடமே கொண்டுவந்து "உங்க வேர்களோட கதை" என்று விற்கிறார்கள்.

அடுத்தது மாடு. படம் எடுக்க வாடகைக்கு ஒரு மாடு கொண்டுவரலாம் என்றார்கள். எங்கள் செக்கை இழுப்பது மூன்று குதிரைத்திறன் மோட்டார். மரம் வாகை. உலக்கை மெதுவாகத்தான் சுற்றுகிறது, எண்ணெய் அதிகம் சூடேறுவதில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மோட்டாரை மறைத்து மாட்டைக் காட்டினால் அது பச்சைப் பொய். செக்கு இழுப்பது இவர்கள் நினைக்கிற மாதிரி அழகான காட்சியும் இல்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் செக்கு என்றால் வ.உ.சி. நினைவுக்கு வருவார். 1908-இல் அவருக்குத் தண்டனை கொடுத்து, கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். அது ஒரு மனிதரின் உடம்பையும் மனசையும் ஒடிக்க வெள்ளைக்காரன் தேர்ந்தெடுத்த வேலை. கண்ணைக் கட்டி நாள் முழுக்க ஒரே வட்டத்தில் மாட்டைச் சுற்றவிடுவதைப் பார்த்து யாருக்கு மனம் குளிர்கிறதோ எனக்குத் தெரியவில்லை.

சரி, எதைச் சொல்ல வேண்டும் என்று நான் மன்றாடினேன் தெரியுமா? பருப்பு பொறுக்குவதை.

மல்லாட்டையில் ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது, கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. பெரிய ஆலைகளில் ரீஃபைன் செய்யும்போது அது பெரும்பாலும் போய்விடும். செக்கில் அந்த வேலையே கிடையாது. பிழிகிறோம், தெளியவைக்கிறோம், வடிகட்டுகிறோம், அவ்வளவுதான். அதனால் கெட்ட பருப்பு உள்ளே போகாமல் பார்ப்பதுதான் செக்குக்காரரின் முதல் கடமை. காயைக் காதருகே குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் காய்ச்சல் போதவில்லை என்று அர்த்தம். உடைத்த பிறகு எங்கள் செக்கில் அக்காக்கள் உட்கார்ந்து சுருங்கினது, கறுத்தது, முளைவிட்டது, பூசணம் தொட்டது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். மூட்டைக்கு மூட்டை கழிவு வேறுபடும். மழையில் நனைந்த அறுவடை என்றால் வயிற்றெரிச்சல்தான், காசு கொடுத்து வாங்கியதை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். வாங்கும்போதே ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு, அதற்காகத் தெரிந்த விவசாயியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றதும் உண்டு.

இதை எழுதுங்கள் என்றேன். "நெகட்டிவ் மேம். நஞ்சு, பூசணம்னு சொன்னா யார் வாங்குவாங்க?" என்றார்கள். நஞ்சு இருக்கக் கூடாது என்பதற்காக நான் செய்யும் வேலையைச் சொல்லக் கூடாது, ஆனால் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிய எழுத்தில் போடலாமாம். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. இல்லாத ஒன்றை நீக்கிவிட்டோம் என்று பெருமை பேசுவோம், உண்மையில் கையால் நீக்குகிறதை மூடி மறைப்போம். இதுதான் இவர்கள் சொல்லும் கதைசொல்லல்!

விலையைப் பற்றியும் எழுதக் கூடாதாம். ஏன்? ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எங்களுக்கு இரண்டரை கிலோ பருப்பு போகிறது. பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் அதுவே 300. பிண்ணாக்கு விற்றால் ஒரு 60 ரூபாய் திரும்பும். செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய்ப் பசை நிற்பதால் மாடு வைத்திருப்பவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். ஆக 240. இதன் மேல்தான் பொறுக்கும் கூலி, கரண்ட் பில், பாட்டில், வாடகை, வட்டி எல்லாம். அப்படியிருக்க, மரச்செக்கு எண்ணெய் லிட்டர் 180 என்று ஒருவர் விற்றால், அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று வாங்குகிறவர் கேட்க வேண்டாமா? கேட்க வைப்பதுதானே நேர்மையான பேச்சு? பாட்டியின் அன்பு 180-க்கும் கிடைக்கும், 400-க்கும் கிடைக்கும், அதற்கு அடக்கவிலை கிடையாது. அதனால்தான் எல்லாரும் அதையே விற்கிறார்கள்.

போனைத் திறந்தால் தேன் விற்பவரும் அதே கதை, சோப்பு விற்பவரும் அதே கதை, சிறுதானிய நூடுல்ஸ் விற்பவரும் அதே கதை. இப்போது இதை எழுதித் தரக் கருவிகளும் வந்துவிட்டன, இரண்டு வரி கொடுத்தால் இருபது வரி மண்வாசனை கிடைக்கிறது. கடைக்காரர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. அவர்களில் பாதிப்பேர் உண்மையிலேயே நல்ல பொருள் செய்கிறவர்கள். தங்கள் பேச்சு விற்காது என்று அவர்களை நம்ப வைத்திருக்கிறார்கள், அதுதான் என்னை எரிய வைக்கிறது.

வேலை தேடும் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. என் அக்கா மகன் கல்லூரி விடுதியில் மெஸ் கணக்கு பார்த்தவன். காய்கறி பில்லும் வந்திறங்கிய எடையும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து, வார்டனிடம் போய் நின்றவன். விண்ணப்பத்தில் அதை எழுதியிருந்தான். பயிற்சி கொடுக்க வந்தவர் அதை அடித்துவிட்டு, "சவால்களை நேசிக்கும் தலைமைப் பண்பு கொண்டவன்" என்று எழுத வைத்தார். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அதே வரியைத்தான் எழுதினார்களாம்.

சட்டம் கூட இவர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. உணவு விளம்பரங்களுக்காக 2018-இல் வந்த விதிமுறைகளில், பிராண்ட் பெயரிலேயே பாரம்பரியம், இயற்கை, அசல், தூய மாதிரியான சொல் இருந்து, அது வாங்குகிறவரை ஏமாற்றக் கூடும் என்றால், இது வெறும் பிராண்ட் பெயர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்கவில்லை என்று லேபிளில் போட வேண்டும் என்று இருக்கிறது. அந்த விதியைக் காட்டினேன். "அதைச் சின்னதா பின்னாடி போட்டுக்கலாம்" என்று பதில் வந்தது.

ஓர் ஊருக்கே உரிய பொருளுக்குக் கொடுக்கும் புவிசார் குறியீட்டைப் பாருங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தில் அன்பு, ஏக்கம் என்று எழுதினால் அதைக் கொடுக்கும் சென்னை கிண்டி அலுவலகத்தில் யாரும் சீண்ட மாட்டார்கள். எங்கே செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள், எந்த மூலப்பொருள், எதனால் இது மற்றதிலிருந்து வேறுபடுகிறது, எத்தனை காலமாகச் செய்கிறீர்கள், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். கோவில்பட்டிக்காரர்களிடம் பதில் இருந்தது. கரிசல்மண் கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர். படித்தாலே நாக்கில் ருசி தெரிகிறது. விளம்பர நிறுவனங்கள் இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது என்னிடம் கேட்டிருக்கலாம். எங்கள் காய் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கூட அவர்கள் கேட்கவில்லை.

"மக்கள் உணர்ச்சிக்குத்தான் மேம் வாங்குவாங்க" என்று எனக்குப் பாடம் எடுத்தார்கள். என்னிடம் வாங்குகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று நான் சொல்கிறேன். "அக்கா, இந்த வாட்டி நிறம் ஏன் கொஞ்சம் வெளுத்திருக்கு?" "வடை போட்டா நுரை கட்டுதே, கலப்படமா?" "நல்லெண்ணெய் லேசா இனிக்குதே, சர்க்கரை போடறீங்களா?" ஒவ்வொன்றுக்கும் வாட்ஸப்பில் பேசி அனுப்புகிறேன். காய் மாறினால் நிறம் மாறும் என்கிறேன். ரீஃபைன் செய்யாத எண்ணெய் நுரைக்கும், வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள் என்கிறேன். எள் ஆட்டும்போது எண்ணெய் பிரிய கருப்பட்டி போடுவோம், சர்க்கரை இல்லை என்கிறேன். செக்கு சத்தம் பின்னால் கேட்கும், நடுவில் யாராவது என்னைக் கூப்பிடுவார்கள், அப்படியே அனுப்பிவிடுவேன். அதைத்தான் அவர்கள் தங்கள் அண்ணிக்கும் மாமியாருக்கும் அனுப்புகிறார்கள். அவர்களும் ஆர்டர் போடுகிறார்கள். அந்த நிறுவனம் போட்ட பாட்டி வீடியோவைப் பார்த்து எங்களுக்கு வந்தது வெறும் இதயக்குறிகள். அது யாருடைய எண்ணெய் என்று கூட அதில் பதியவில்லை.

புது லேபிளுக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். காய் வாங்கிய ஊர், அறுவடைப் பட்டம், ஆட்டிய தேதி, மோட்டார் செக்கு, கையால் பொறுக்கிய பருப்பு, கேள்வி இருந்தால் பேச என் எண். அச்சகத்து அண்ணன் படித்துவிட்டு, "படம் எதுவும் வேண்டாமாம்மா?" என்றார். பொறுக்கும் அக்காக்களைக் கேட்டேன். போட்டோ போடலாம், ஆனால் நல்ல புடவை கட்டிக்கொண்டு வரும் அன்றைக்கு எடு என்றார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அது அவர்கள் விருப்பம்.

மாடு வாடகைக்கும் படப்பிடிப்புக்கும் முன்பணம் வாங்கினார்களே, அதை முழுசாகத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். மாட்டை வைத்து எடுப்பதாகச் சொன்ன படப்பிடிப்பே நடக்கவில்லை, பிறகு எதற்கு அந்தப் பணம் அவர்களிடம் இருக்க வேண்டும்? போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறான். வாங்காமல் விடப்போவதில்லை.