நாய்க்குக் கீமோ கொடுப்பது பற்றி ஒரு திருத்தம்

மூன்று வயது ஷிட்சுவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று எழுதிய அக்காவுக்கு, "கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) கொடுத்தால் முடியெல்லாம் கொட்டி, வாந்தி எடுத்தே துடித்துச் சாகும்" என்று இங்கே பலர் சொல்லியிருக்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது சரியல்ல.

மனிதர்களுக்குப் பல நேரம் நோயை முழுதாக ஒழிக்கும் நோக்கில் மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். நாய்க்குப் பெரும்பாலும் இருக்கும் நாள்களை நன்றாக வாழவைப்பதே நோக்கம் என்பதால் அளவு குறைவாகவே இருக்கும். சில நாய்களுக்கு ஓரிரு நாள் பசியின்மை, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், மருந்தில் அடங்கும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போவது சிறு பகுதிதான். ஆனாலும் காய்ச்சலோ சோர்வோ தெரிந்தால் அன்றே கூப்பிட வேண்டும், கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணு குறைந்திருக்கலாம்.

முடி விஷயத்தில் பாதி உண்மை உண்டு. பெரும்பாலான நாய்களுக்குக் கொட்டாது. நம் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் அதிகம் வளரும் பூடில், ஷிட்சு போல முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்கு மெலியலாம். சிகிச்சை முடிந்ததும் பொதுவாகத் திரும்ப வளரும். முடி கொட்டுவதால் நாய்க்கு வலி இல்லை.

சரிபார்ப்பது எளிது. பக்கவிளைவுகளைக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர்கள் 1 (லேசானது) முதல் 5 (இறப்பு) வரை தரம் பிரிக்கிறார்கள். "இந்த மருந்துக்குப் பக்கவிளைவு 3ஆம் தரமோ அதற்கு மேலோ எத்தனை நாய்களுக்குப் போகிறது?" என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். கால்நடைப் பல்கலைக்கழகங்கள் நாய் வளர்ப்போருக்காக எழுதிய பக்கங்களிலும் இதையே பார்க்கலாம்.

கீமோ வேண்டாம் என்று முடிவெடுப்பதும் அன்புதான் அக்கா. இந்தப் பயத்தால் மட்டும் அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.