அடைப்புக்குறிக்குள் ஒரு பொது மேலாளர்

2022 ஏப்ரல் 16, சனிக்கிழமை காலை நாம் பார்த்த என்பிஏ கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றி இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் என் முந்தைய பதிவின் கீழே வந்து உட்கார்ந்த ஒரு கருத்து இரண்டு நாள்களாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. “பொறுப்பு ஆளிடம் கடைச் சாவியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும், இனியாவது பெயர் தெரிந்த ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வையுங்கள்” என்று எழுதியிருக்கிறார் நண்பர். அவர் சொல்வது, நம் போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணியில் இதை எழுதும் 2022 ஏப்ரலில் இடைக்காலப் பொது மேலாளராக இருக்கும் ஜோ குரோனினை. அதற்குச் சிரிப்புக் குறி இட்டவர்களில் நான் மதிக்கும் மூன்று பேர் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று.

ஆட்டத்தை நீங்களும் பார்த்தீர்கள். நான்காவது கால் பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸுக்கு எதிராக கிளிப்பர்ஸ் முன்னிலையில் இருக்கிறதே என்ற நிம்மதியில் நான் அடுப்பில் பால் வைக்கப் போனேன். பால் பொங்குவதற்குள் முன்னிலை கரைந்துவிட்டது. 105-101 என்று பெலிகன்ஸ் வென்று பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. அவர்களிடமிருந்து இந்த ஆண்டு போர்ட்லாண்டுக்கு வர வேண்டிய முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு (புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை; அதிகம் தோற்ற அணிகளுக்கே முன்னிடம்) அதோடு கைநழுவியது. அந்தத் தேர்வு 5 முதல் 14 வரையிலான இடத்தில் விழுந்தால் மட்டுமே நமக்கு என்பது ஒப்பந்த நிபந்தனை; பிளே-ஆஃபுக்குப் போன அணிக்கு அதற்குப் பின்னால்தான் இடம். வென்ற பக்கத்தில் ஆடியவர்கள் மெக்கொல்லமும் லாரி நான்ஸும். தோற்ற பக்கத்தில் ஆடியவர்கள் நார்மன் பவலும் ராபர்ட் கோவிங்டனும். பிப்ரவரி மாதத்தில் நான்கு நாள் இடைவெளியில் ஜோ குரோனின் விற்ற நால்வரும் ஒரே களத்தில் கூடி அவருடைய கணக்கைக் கெடுத்துவிட்டார்கள். வேடிக்கைதான், மறுக்கவில்லை. அந்த ‘பொறுப்பு ஆள்’ என்ற சொல் மட்டும் இல்லாதிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். குரோனினுடைய பதவிப் பெயரில் ஒட்டியிருக்கும் ‘இடைக்கால’ என்ற சொல்லை பிளேசர்ஸ் நிர்வாகம் எடுத்துவிட்டு, அவரையே முழுப் பொது மேலாளராக நியமிக்க வேண்டும். அணியின் பாதியை விற்கும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, விற்று முடித்த பிறகும் அவரை இடைக்காலம் என்றே அழைத்துக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

2021 டிசம்பர் 3-ஆம் தேதி, பணியிட நடத்தை பற்றிய விசாரணைக்குப் பின் அதுவரை பொது மேலாளராக இருந்த நீல் ஓல்ஷே நீக்கப்பட்டபோது குரோனின் கைக்கு வந்தது என்ன என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அணியின் நட்சத்திரம் லில்லார்டுக்கு வயிற்றுத் தசையில் காயம். ஜனவரியில் அறுவைச் சிகிச்சை. இந்தப் பருவத்தில் அவர் ஆடியதே 29 ஆட்டங்கள். மெக்கொல்லத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் இந்தப் பருவத்தில்தான் தொடங்கியிருந்தது. பவலுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் என்று முந்தைய கோடையில்தான் கையெழுத்தாகியிருந்தது. 2020 நவம்பரில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து வாங்கிய கோவிங்டனின் ஒப்பந்தம் 2022 கோடையோடு முடிய இருந்தது. இவ்வளவு சம்பளத்தையும் கொடுத்துக்கொண்டு, சம்பளம் அளவை மீறினால் லீக் விதிக்கும் ஆடம்பர வரியையும் கட்ட வேண்டிய நிலையில் அணி தோற்றுக்கொண்டிருந்தது. சாவி கிடைத்தது என்கிறார் நண்பர். கிடைத்தது கடன் நோட்டு.

அந்த நிலையில் அவர் விற்றார். மெக்கொல்லத்துக்கு ஈடாக ஜோஷ் ஹார்ட் வந்தார், நிபந்தனையோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வு வந்தது, இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் வந்தன. இவற்றைவிட முக்கியமாக, ஏறத்தாழ 2.1 கோடி டாலர் சம்பளமுள்ள ஒரு ஆட்டக்காரரை, பதிலுக்கு அதே அளவு சம்பளத்தை அனுப்பாமலே ஓராண்டுக்குள் வாங்கிக்கொள்ளும் விதிவிலக்கு வந்தது. சனிக்கிழமை போன தேர்வுகூட ஆவியாகிவிடவில்லை. இந்த ஆண்டுத் தேர்வு வராவிட்டால் 2025-இல் மில்வாக்கியின் முதல் சுற்றுத் தேர்வு என்று அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறார். சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பவலைக் கொடுத்ததற்குப் போதிய விலை வரவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை; பதிலுக்கு வந்த கியோன் ஜான்சன் நல்ல ஆட்டக்காரராக வரக்கூடும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளத்தான் முடியும். அதை விட்டுவிடுகிறேன்.

விற்ற கையோடு அணி வரிசையாக நான்கு ஆட்டங்களில் வென்று எல்லோரையும் குழப்பியதும், அதன் பிறகு ஆல்-ஸ்டார் இடைவேளைக்குப் பின் ஆடிய 23 ஆட்டங்களில் 21-இல் தோற்று 27 வெற்றி, 55 தோல்வி என்று பருவத்தை முடித்ததும் உங்களுக்குத் தெரியும். இந்தத் தோல்விகளையும் அவர் தலையில்தான் கட்டுகிறார்கள். சொந்தத் தேர்வு மேலே வர வேண்டுமானால் தோற்கத்தான் வேண்டும் என்று பிப்ரவரியில் விளக்கம் சொன்னவர்களே ஏப்ரலில் தோல்விக் கணக்கைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

இந்த அணி இதே வேலையை முன்பும் ஒருமுறை செய்திருக்கிறது. 2010 டிராஃப்ட் அன்று, தேர்வு தொடங்கச் சற்று முன்பு அப்போதைய பொது மேலாளர் கெவின் பிரிட்சர்டிடம் வேலை போய்விட்டது என்று சொன்னார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு அன்றைய தேர்வை நடத்திக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினார். அடுத்து வந்த ரிச் சோ ஓராண்டு முடிவதற்குள் நீக்கப்பட்டார். அதன் பிறகு சாட் புக்கானன் என்பவர் ஓராண்டுக்கு மேல் இடைக்காலப் பொறுப்பில் இருந்தார். 2012 மார்ச் 15-ஆம் தேதி, ஜெரால்ட் வாலஸை நெட்ஸ் அணிக்குக் கொடுத்து, முதல் மூன்று இடங்களுக்குள் விழாவிட்டால் நமக்கு என்ற நிபந்தனையோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வை வாங்கியவர் அவர்தான். அந்தத் தேர்வு ஆறாவது இடத்தில் விழுந்தது. அதற்குள் ஜூன் மாதத் தொடக்கத்தில் வெளியிலிருந்து ஓல்ஷேவை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஆறாவது தேர்வில் வந்தவர்தான் டேமியன் லில்லார்ட்.

அடுத்த பத்து ஆண்டுகளுக்கு லில்லார்டைக் கண்டெடுத்தவர் என்று ஓல்ஷேவைத்தான் எல்லோரும் எழுதினார்கள். பெயரைச் சொல்லித் தேர்ந்தெடுத்தவர் ஓல்ஷே, அதில் எனக்கு வழக்கு இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனவரின் பெயர், 2014-இல் ஹூஸ்டனுக்கு எதிராக 0.9 வினாடி மிச்சமிருக்கையில் லில்லார்ட் எறிந்த அந்தப் பந்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்த நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நண்பருக்குத் தெரியாது என்று நான் துணிந்து சொல்வேன். தெரிந்திருந்தால் ‘பொறுப்பு ஆள்’ என்ற சொல்லை அவ்வளவு எளிதாகத் தட்டச்சு செய்திருக்க மாட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலும் கேட்டார்கள். சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பிரிவு மேலாளர் திடீரென்று விலகியபோது, “ஆள் கிடைக்கும்வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று முதலாளி சொன்னார். எனக்கென்று ஒரு ரப்பர் முத்திரை செய்து கொடுத்தார்கள். அதில் ‘மேலாளர்’ என்று பெரிய எழுத்திலும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று சிறிய எழுத்திலும் இருந்தது. மை சரியாகப் படியாத நாள்களில் அடைப்புக்குறி மட்டும் பளிச்சென்று விழும், பெயர் மங்கிவிடும். அந்த முத்திரையோடு பதின்மூன்று மாதங்கள் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காலத்தில் ஆர்டர்கள் குறைந்திருந்ததால், பத்து ஆண்டுகளாக எங்களுக்கு நிட்டிங் செய்து கொடுத்த ஒருவரிடம் இனி நூல் தர முடியாது என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் பின்னல் இயந்திரங்களுக்கு நடுவே நின்று, கையிலிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க தம்பி, இது நீங்க எடுத்த முடிவுங்களா, இல்ல மேல இருந்து வந்ததுங்களா?” என்னால் இரண்டில் எதையும் சொல்ல முடியவில்லை. என் முடிவு என்றால் அதற்கான அதிகாரம் என் முத்திரையில் இல்லை; மேலிருந்து வந்தது என்றால் நான் அங்கே போய் நின்றதே பொய்யாகிவிடும்.

செலவெல்லாம் ஒழுங்குக்கு வந்து, புதிய பையர் ஒருவரின் ஆர்டரும் உறுதியான மாதத்தில், வெளியூரிலிருந்து ஒரு மேலாளர் வந்தார். அவர் நல்ல மனிதர்; அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் கூட்டத்தில் அவர் காட்டிய வரைபடத்தில் மேலே ஏறிய கோடு முழுவதும் என்னுடைய பதின்மூன்று மாதங்கள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சரி, குரோனினுக்கு வருகிறேன். அவரை எதிர்ப்பவர்கள் சொல்லும் முதல் காரணம், அவர் ஓல்ஷேவின் ஆள் என்பது. ஓல்ஷே போர்ட்லாண்டுக்கு வந்தது 2012-இல். குரோனின் அங்கே பயிற்சிக்கால ஊழியராக (இன்டர்ன்) சேர்ந்தது 2006-இல். கிரெக் ஓடனைத் தேர்ந்தெடுத்த 2007-ஐயும், பிரிட்சர்டையும், சோவையும், புக்கானனையும் உள்ளேயிருந்து பார்த்தவர். ஓல்ஷே வரும்போது அங்கே இருந்தார், போகும்போதும் இருந்தார். பதினாறு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் சம்பள வரம்புக் கணக்கும் ஆட்டக்காரர் தேர்வும் பார்த்துப் படிப்படியாக மேலே வந்தவரை யாருடைய ஆள் என்று கேட்டால், அந்த அணியின் ஆள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

அடுத்து, பெயர் தெரிந்தவர் வேண்டும் என்கிறார்கள். பெயர் என்பது எங்கிருந்து வருகிறது? 2018 அக்டோபரில் ஃபீனிக்ஸ் சன்ஸ் தன் பொது மேலாளரை நீக்கிவிட்டு ஜேம்ஸ் ஜோன்ஸையும் டிரெவர் புக்ஸ்டீனையும் சேர்த்து இடைக்காலப் பொறுப்பில் வைத்தபோது, அதையும் சிரிப்பாகத்தான் பேசினார்கள். அந்தப் பருவத்தில் அணி வென்றது 19 ஆட்டங்கள். இப்படிப்பட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டும் 2019 ஏப்ரலில் ஜோன்ஸையே முழுப் பொது மேலாளர் ஆக்கினார்கள். 2020 நவம்பரில் அவர் ஆட்டக்காரர் கிறிஸ் பாலைக் கொண்டுவந்தார். 2021-இல் அணி இறுதிப் போட்டிக்குப் போனது, அவருக்குச் சிறந்த நிர்வாகி விருதும் கிடைத்தது. 2021-22 பருவத்தில் 64 வெற்றிகளோடு லீக்கில் முதலிடம். 19 வெற்றிகளோடு ஒருவரை நம்ப முடிந்தது ஃபீனிக்ஸால். 27 வெற்றிகளோடு நம்மால் முடியாதா?

பிலடெல்பியா அணியைக் காட்டி என்னை மடக்கலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள் என்பது தெரியும். 2018 ஜூனில் நிர்வாகத் தலைவர் பிரையன் கொலாஞ்சலோ விலகிய பின், பயிற்சியாளர் பிரெட் பிரவுனிடமே இடைக்காலமாக அந்த வேலையையும் கொடுத்தார்கள். டிராஃப்ட் இரவில் தாம் தேர்ந்தெடுத்த மிக்கேல் பிரிட்ஜஸை அவர்கள் ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த பிரிட்ஜஸ் இப்போது எப்படி ஆடுகிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது என் கட்சிக்குத்தான் சாட்சி. நாளைக்கு இந்த மேசையில் யார் இருப்பார் என்று தெரியாத இடத்தில் நீண்டகாலக் கணக்கு யாருக்கு ஓடும்? குரோனினைப் பாருங்கள், தாம் இருப்பாரா என்றே தெரியாத 2025-ஆம் ஆண்டின் தேர்வை எழுதி வாங்கியிருக்கிறார். இன்னொரு மனிதருக்காகச் சேர்த்து வைப்பது எவ்வளவு பெரிய மனது என்பது எனக்குத் தெரியும். கைதட்டிய அனுபவம் இருக்கிறது.

முறையாகத் தேடல் நடத்திப் பத்துப் பேரை நேர்காணல் செய்தால் என்ன தவறு என்று அமைதியாகக் கேட்டவர்களும் உண்டு. தவறில்லை. நடத்தட்டும். நான்கரை மாதங்களாக அதைக்கூடச் செய்யாமல், அவரை வைத்தே எல்லாவற்றையும் விற்க வைத்துவிட்டு, விற்று முடித்த பிறகு தேடுகிறேன் என்று அணியின் தலைவரான ஜோடி ஆலன் தரப்பு கிளம்பினால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் கேட்கிறேன். விமர்சிக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. முழுப் பதவியைக் கொடுங்கள், இரண்டு ஆண்டுகள் கொடுங்கள், 2024-இலும் அணி இதே நிலையில் இருந்தால் நீக்குங்கள். அன்றைக்கு நானே முதல் ஆளாக எழுதுகிறேன். நீக்குவதற்காவது ஒரு முழுப் பதவி வேண்டும் இல்லையா? இடைக்காலத்தில் இருப்பவரை நீக்கக்கூட வேண்டியதில்லை. கடிதத்தில் அடுத்தவர் பெயரை அடித்தால் போதும்.

புக்கானன் இப்போது இந்தியானா அணியில் பிரிட்சர்டோடு சேர்ந்து வேலை செய்கிறார். இருவருக்கும் போர்ட்லாண்டில் அந்த நாற்காலி நிலைக்கவில்லை. அவர்கள் அணி 2021-22 பருவத்தில் 25 ஆட்டங்களில் மட்டுமே வென்றது என்று யாராவது ஓடி வருவீர்கள். வாருங்கள், மெக்கொல்லம் விற்பனையான அதே பிப்ரவரி 8-ஆம் தேதி அவர்கள் இளம் ஆட்டக்காரர் ஹாலிபர்ட்டனை வாங்கியதையும் சேர்த்தே பேசுவோம்.

2022 மே 17-ஆம் தேதி டிராஃப்ட் வரிசைக்கான லாட்டரிக் குலுக்கல், ஜூன் 23-ஆம் தேதி டிராஃப்ட். அதற்குள் பெயர் தெரிந்த ஒருவர் வந்து, குரோனின் தோற்றுச் சேர்த்த தேர்வில் கிடைத்த இளைஞனின் தோளில் கைபோட்டுக்கொண்டு, தொப்பியும் சிரிப்புமாக நிற்கும் படம் வெளியானால், நண்பரே, அதை என் பதிவின் கீழே ஒட்டாதீர்கள். இந்த முறை நான் கைதட்டப் போவதில்லை.