பெரிய மோட்டாரா? முதலில் பசையைப் பாருங்கள்

முக்கால்வாசி கட்டி முடித்து வரும் ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) விமானக் கிட் வாங்கிய பலரும் முதலில் கேட்பது, "இதைவிடப் பெரிய மோட்டார் போடலாமா?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்தக் கிட்டை மேம்படுத்துவது என்றால் என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான்: தொழிற்சாலையில் அவசரமாக ஒட்டியதை நாம் நிதானமாகச் சரிசெய்வது.

மூக்கில் மோட்டார் பூட்டும் தகடான ஃபயர்வாலில் தொடங்குங்கள். மோட்டாரின் இழுப்பும் அதிர்வும் மொத்தமாக இறங்குவது அந்தப் பிளைவுட் தகட்டில். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் சில கிட்களில் இரண்டு மூலையில் மட்டும் பசை தெரியும். முக்கோணக் கட்டைகளை உள்மூலைகளில் வைத்து 30 நிமிட எப்பாக்ஸியால் (இரண்டு பொருளைக் கலந்து ஒட்டும் பசை) ஒட்டுங்கள். சக்கரக்கால் திருகும் தகட்டுக்கும் அதே வைத்தியம். 5 நிமிட எப்பாக்ஸி இங்கே வேண்டாம். மரத்தில் ஊறுவதற்குள் இறுகத் தொடங்கிவிடும்.

அடுத்தது வால் இறக்கை. அதிகம் பேர் தவறுவது இங்கேதான். மேலே போர்த்திய பிளாஸ்டிக் படலத்தோடு ஒட்டினால், பசை பிடிப்பது படலத்தைத்தான், மரத்தை அல்ல. அதனால் வால் இறக்கையை உடலில் செருகி, உடலின் விளிம்பை மார்க்கரால் வரைந்து, கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே தள்ளிப் படலத்தை நீக்க வேண்டும். பிளேடால் வெட்டாதீர்கள். இலேசான பால்சா மரத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் போதும், டைவ் அடித்து மேலே இழுக்கும்போது வால் சரியாக அந்தக் கோட்டில்தான் மடியும். சூடான சால்டரிங் அயர்ன் நுனியை மெல்ல ஓட்டினால் படலம் மட்டும் உருகிப் பிரியும், மரத்துக்குச் சேதமில்லை.

ஒட்டுவதற்கு முன் இறக்கையை மாட்டிவிட்டு மூன்று மீட்டர் பின்னால் நின்று பாருங்கள். வாலும் இறக்கையும் இணையாகத் தெரிய வேண்டும். மூக்கின் நடுவில் ஒரு குண்டூசி குத்தி, நீளாத நூலால் வாலின் இரு முனைகளுக்கும் அளந்தால் தூரம் சமமாக வர வேண்டும்.

ஹிஞ்ச், அதாவது இறக்கையிலும் வாலிலும் அசையும் பகுதிகளைப் பிடிக்கும் கீல், பொறுமை கேட்கும் வேலை. சிஏ ஹிஞ்சுக்குத் தண்ணீர் போன்ற மெல்லிய சிஏ பசைதான், அதாவது சூப்பர் க்ளூ வகை. கெட்டியானது ஹிஞ்ச் செருகும் ஸ்லாட்டின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். ஸ்லாட்டின் நடுவில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டால் பசை கடைசிவரை ஓடும். ஹிஞ்சின் நடுவே குண்டூசி குத்திச் செருகி, ஊசியை எடுத்துவிட்டு, அசையும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் நடுவே காகிதத் தடிமன் இடைவெளி விட்டு, மேலே ஐந்தாறு சொட்டு, திருப்பிக் கீழே ஐந்தாறு சொட்டு. பசையைச் சட்டென இறுக்கும் ஆக்சிலரேட்டர் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, ஊறுவதற்கு முன்பே கெட்டியாகிவிடும். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் நல்லது, தரையில்தானே வந்தது.

சர்வோ (அசையும் பகுதிகளை இயக்கும் குட்டி மோட்டார்) திருகை ஒருமுறை ஏற்றிக் கழற்றி, துளையில் ஒரு சொட்டு மெல்லிய சிஏ விட்டுக் காயவைத்து மறுபடி ஏற்றினால் மரத்தில் மரை நிற்கும். சர்வோ கம்பியின் முனைக் கொக்கியான கிளெவிஸில், அது திறக்காமலிருக்க, சிலிகான் குழாய்த் துண்டு வளையம். உலோகத்தில் ஏறும் திருகுகளுக்கு அதிர்வில் கழன்றுவிடாதபடி நீல த்ரெட்லாக் திரவம். படலச் சுருக்கத்தைக் குறைந்த சூட்டில், ஓரங்களை முதலில் அழுத்தி எடுத்தால் போதும்.

ஈர்ப்பு மையத்தில், அதாவது விமானம் முன்பின் சாயாமல் சமநிலையில் நிற்கும் புள்ளியில், சமரசமே வேண்டாம். கையேட்டில் ஒரு வரம்பு கொடுத்திருந்தால் முதல் பறப்புக்கு அதன் முன்கோடியை எடுங்கள். பேட்டரி உட்பட எல்லாம் மாட்டிய பிறகு பாருங்கள். வால் கனத்தால் ஈயத்தைத் தேடுவதற்கு முன் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், ஆனால் பேச்சைக் கேட்கும். வால் கனத்தது கேட்காது.

பறக்கவிடும் முன் விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதி) மேலே எழ வேண்டும். இறங்கியதும் மோட்டார் திருகு, சக்கரக்கால், ஹிஞ்ச் மூன்றையும் விரலால் அசைத்துப் பார்த்துவிட்டே அடுத்த பேட்டரியைச் செருகுங்கள்.