லேவரின் பட்டம் கணக்கில் வரும், கிருஷ்ணனின் அரையிறுதி வராதா?

ஒரு தமிழ் டென்னிஸ் நிகழ்ச்சியின் காணொளி அது; பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். நம் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதி ஆடிய பேச்சு வந்ததும், அது அமெச்சூர் காலம், பணத்துக்கு ஆடும் புரொஃபஷனல்களை உள்ளே விடாத காலம், அதையெல்லாம் இன்றைய கணக்கில் சேர்க்க முடியாது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் தாங்க முடியவில்லை.

சேர்க்க முடியும். சேர்த்தே ஆக வேண்டும்.

1961 விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையரை எடுத்துக்கொள்ளுங்கள். 128 பேர் கொண்ட டிரா, அதாவது ஆட்டப் பட்டியல். முதல் சுற்றிலிருந்தே ஐந்து செட் ஆட்டம். வலுவானவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும் இடம்தான் சீட்; முந்தைய ஆண்டு சாம்பியன் நீல் ஃப்ரேசர்தான் முதல் சீட். அவரை நான்காவது சுற்றிலேயே இங்கிலாந்தின் பாபி வில்சன் வெளியே அனுப்பினார். கிருஷ்ணன் ஏழாவது சீட். காலிறுதியில் எதிரே நின்றவர் ராய் எமர்சன். கிருஷ்ணன் வென்றார், ஸ்கோர் 6-1, 6-4, 6-4.

இந்த எமர்சன் யார்? அதே ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியப் பட்டம் வென்றவர். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபாரஸ்ட் ஹில்ஸில் அமெரிக்கப் பட்டமும் வென்றவர். இரண்டு இறுதியிலும் அவரிடம் தோற்றவர், நீங்கள் எல்லோரும் கொண்டாடும் ஆஸ்திரேலியர் ராட் லேவர். எமர்சன் மொத்தம் 12 பெரிய (கிராண்ட் ஸ்லாம்) ஒற்றையர் பட்டங்கள் எடுத்தார். அந்தச் சாதனையைத் தாண்ட 2000-இல் பீட் சாம்ப்ராஸ் வர வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவரை அவருடைய உச்சத்தில், அவருக்குப் பிடித்த புல்தரையில், ஒரு செட்கூடக் கொடுக்காமல் நம் ஆள் அனுப்பிவைத்தார்.

அரையிறுதியில் லேவரிடம் 6-2, 8-6, 6-2 என்று தோற்றார். அந்த 8-6-ஐக் கவனியுங்கள். சமநிலையில் இழுக்கும் செட்டைச் சீக்கிரம் முடிக்கும் டை-பிரேக் விம்பிள்டனுக்கு வந்தது 1971-இல்தான். அதுவரை இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கம் மாறும்போது உட்கார நாற்காலியும் கிடையாது. இறுதியில் லேவர் சக் மெக்கின்லியை 6-3, 6-1, 6-4 என்று ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். 1960-லும் இதே கதைதான். அரையிறுதியில் கிருஷ்ணனை வென்ற ஃப்ரேசர்தான் கோப்பையைத் தூக்கினார். இரண்டு ஆண்டும் சாம்பியனிடம் மட்டுமே தோற்றவர் அவர்.

என் கேள்வி எளிமையானது. லேவருக்கு 11 பெரிய பட்டங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், அந்தக் காணொளியிலும் சொன்னீர்கள். அந்த 11-இல் 6 அமெச்சூராக இருந்தபோது வென்றவை. அதில் ஒன்று இதே 1961 விம்பிள்டன். அவருடைய பட்டம் கணக்கில் வரும், அதே டிராவில் அவரோடு அரையிறுதி ஆடியவர் கணக்கில் வரமாட்டாரா? ஒரே போட்டி, ஒரே புல், ஒரே பந்து.

நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் புரொஃபஷனலாகப் போய்விட்டார்களே என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. கோன்சாலஸ், ரோஸ்வால், ஹோட் மூவரும் அப்போது விம்பிள்டனுக்குள் நுழைய முடியாது. 1962-இல் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றுவிட்டு அந்தப் பக்கம் போன லேவரே, 1963 தொடக்கத்தில் ஹோடிடமும் ரோஸ்வாலிடமும் அடி வாங்கினார். ஆனால் 1968 ஏப்ரலில் போர்ன்மவுத்தில் இரு தரப்பும் ஆடலாம் என்ற முதல் ஓப்பன் போட்டி நடந்தபோது என்ன ஆனது? மார்க் காக்ஸ் என்ற அமெச்சூர் கோன்சாலஸையும் வென்றார், அப்போது புரொஃபஷனலாகிவிட்ட எமர்சனையும் வென்றார். அதே ஆண்டு முதல் அமெரிக்க ஓப்பனை வென்ற ஆர்தர் ஆஷும் அமெச்சூர்தான். பரிசுப் பணம் 14,000 டாலர் அவரிடம் தோற்ற டாம் ஓக்கருக்குப் போனது. ஆஷுக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு 20 டாலர் படி. அமெச்சூர் என்பது ஆட்டத்தின் தரத்தைக் குறிக்கும் சொல் இல்லை. யார் பணம் வாங்கலாம், யார் வாங்கக்கூடாது என்ற சட்டம், அவ்வளவுதான். புரொஃபஷனல் ஆட்டங்களை நடத்திவந்த ஜாக் கிரேமர் கிருஷ்ணனையும் தன் குழுவுக்குக் கூப்பிட்டார். போனால் டேவிஸ் கோப்பையும் விம்பிள்டனும் போய்விடும் என்பதால் அவர் போகவில்லை. கிரேமர் கூப்பிடும் தகுதி இருந்தவரை, கிரேமரின் குழுவில் இல்லை என்பதற்காகவே கழிப்பது எந்த நியாயம்?

இன்னொன்று. அமெச்சூர் காலம் என்று 1877 முதல் 1967 வரை மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். முதல் விம்பிள்டனில் 22 பேர்தான் பெயர் கொடுத்தார்கள். 1878-இல் வென்ற ஃபிராங்க் ஹாடோ, இலங்கையில் காப்பித் தோட்டம் வைத்திருந்து விடுமுறைக்கு ஊர் போனவர். வலையருகே வந்து பந்து தரையில் படும் முன்பே வாலி அடித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கோரின் தலைக்கு மேலே லாப் தூக்கியே ஜெயித்தார். பட்டத்தைக் காக்க அடுத்த ஆண்டு வரவே இல்லை. 1921 வரை நடப்பு சாம்பியன் ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் போதும். அந்தக் காலத்துப் பட்டங்களைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். 1961 அப்படியா? ஐந்து ஆட்டம் ஜெயித்தால்தான் அரையிறுதி, இன்றைக்கு இருப்பது போலவே.

அப்போது ஆட்டம் மெதுவாக இருந்தது என்று சொல்பவர்கள் ஒரு பழைய மர ராக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். 370 முதல் 400 கிராம் எடை. தலை 65 சதுர அங்குலத்தை ஒட்டி, இன்றைய ராக்கெட்டில் மூன்றில் இரண்டு பங்கு. நடுவில் உள்ளங்கை அளவு இடத்தில் பட்டால்தான் பந்து போகும். கொஞ்சம் விலகினால் ராக்கெட் கையிலேயே திரும்பிவிடும். நரம்பு விலங்குக் குடலில் செய்தது, ஈரம் பட்டால் பிரிந்து நைந்துபோகும். ஆடாத நேரத்தில் நாலு மூலையிலும் திருகு வைத்த மரச்சட்டத்தில் இறுக்கி வைக்காவிட்டால் சட்டமே வளைந்துவிடும். புல்லில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு வரும். சர்வ் போட்டதும் வலைக்கு ஓடிவருபவனின் காலடியில் பந்தை இறக்க வேண்டும், அவன் கீழேயிருந்து தூக்கிக் கொடுப்பதைக் கோணத்தில் தட்ட வேண்டும். கிருஷ்ணனிடம் பெரிய சர்வ் கிடையாது. இந்தத் தொடு ஆட்டத்தை வைத்துக்கொண்டுதான், சர்வ்-வாலி ஆட்டக்காரர்களின் சொந்தத் தரையில் இரண்டு முறை அரையிறுதி வந்தார்.

ஊர்ப்பாசத்தில் எழுதுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். 1962-இல் அவருக்கு நான்காவது சீட் கொடுத்தது விம்பிள்டன்காரர்கள், அவருடைய ஊரான தென்காசிக்காரர்கள் இல்லை. அந்த ஆண்டு கணுக்கால் காயத்தால் பாதியில் விலக வேண்டியிருந்தது. அவருக்குப் பிறகு எந்த இந்தியரும் அங்கே ஒற்றையர் அரையிறுதிக்கு வரவில்லை. வெளியூர்க்காரன் தெரியாமல் பேசினால் விட்டுவிடலாம். தமிழில், தமிழ் பார்வையாளர்களுக்கு, டென்னிஸ் நிகழ்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படிப் பேசினால் வலிக்கிறது.

அந்தக் காணொளியின் கீழே ஒரு திருத்தம் போடுங்கள். நீளமாக வேண்டாம். விம்பிள்டன் 1961, காலிறுதி, கிருஷ்ணன் - எமர்சன், 6-1, 6-4, 6-4. இதைப் போட்டால் போதும்.