23 பேர் உள்ள குழுவில் 20 பேரைக் காட்டுது: தலைவர் எங்கேய்யா?

ஒரு சங்கத்துக்கு வேர்ட்பிரஸில் தளம் போட்டாச்சு. தளத்தில் உறுப்பினர், குரூப் வசதிகளைச் சேர்க்கிற படிபிரஸ் (BuddyPress) பிளக்கினை ஏற்றி, 'செயற்குழு'ன்னு ஒரு குரூப் தொடங்கி, ஆட்களையும் சேர்த்தாச்சு. அந்தக் குரூப்பில் இருக்கிறவர்களின் படத்தையும் பேரையும் முகப்புப் பக்கத்தில் காட்டணும். கேட்பது இவ்வளவுதான். 2009லிருந்து இருக்கிற பிளக்கின், இதற்கென்று ஒரு ஷார்ட்கோட்கூட (பக்கத்தில் ஒட்டினால் பட்டியலாக மாறும் குறிச்சொல்) கையில் கொடுக்காது. பிளாக் எடிட்டரில் 'மெம்பர்ஸ்' பிளாக் இருக்கேன்னு ஆசையாகப் போட்டால், ஒவ்வொருத்தர் பேராகத் தேடிக் கையால் பொறுக்கிச் சேர்க்கணும். நாளைக்கு ஒருவர் குரூப்பை விட்டு விலகினால் அந்த பிளாக்குக்குத் தெரியவே தெரியாது. அவர் பாட்டுக்கு முகப்பில் சிரித்துக்கொண்டே இருப்பார்.

சரி, நாமே நாலு வரி கோட் எழுதலாம்னு இறங்கினால்தான் உண்மையான கூத்து ஆரம்பிக்குது. 'பிபி குரூப் ஹேஸ் மெம்பர்ஸ்' என்ற ஃபங்ஷன். வெறுமனே எழுதினால் பக்கம் காலி. குரூப்பின் சொந்தப் பக்கத்துக்கு வெளியே அதற்கு எந்த குரூப்னு தெரியாது, ஐடி எண்ணை நாம்தான் தரணும். இதுவாவது நியாயம். எண்ணைக் கொடுத்ததும் பட்டியல் வருது. மேலே '23 உறுப்பினர்கள்'னு இருக்கு, கீழே எண்ணினால் 20 தலை.

இந்த 20ஐப் பார்த்ததும் எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வருவாங்க: ஒரு பக்கத்துக்கு 20 பேர் என்பது அதன் இயல்பு அளவு, மீதி மூணு பேர் அடுத்த பக்கத்தில் இருப்பாங்க. 'பெர் பேஜ்' அளவை 100 ஆக்குவாங்க. ரிஃப்ரெஷ். 20. கேஷை (சேமித்து வைத்த பழைய நகலை) காலி பண்ணி மறுபடி ரிஃப்ரெஷ். அதே 20. தளத் தோற்றத்தை (தீம்) மாத்திப் பார்ப்பாங்க, மத்த பிளக்கின்களை ஒவ்வொன்றாக அணைப்பாங்க, ஹோஸ்டிங்காரனைத் திட்டுவாங்க. அரை நாள் போச்சு.

காரணம் வேற. அந்த ஃபங்ஷனுக்குள் 'எக்ஸ்க்ளூட் அட்மின்ஸ் மாட்ஸ்'னு ஒரு அமைப்பு உட்கார்ந்திருக்கு. அதன் இயல்பு மதிப்பு 1. அதாவது குரூப்பின் அட்மின்களையும் மாடரேட்டர்களையும் நீக்கிவிட்டுத்தான் பட்டியலே தரும். நம்ம ஊர்ச் சங்கத்தில் குரூப் அட்மின் யாரு? தலைவர், செயலாளர், பொருளாளர். செயற்குழுப் பட்டியலில் சரியாக அந்த மூணு பேரைத் தவிர மத்த எல்லாரும் இருக்காங்க! பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. 23ல் மூணு போனால் 20, பக்க அளவும் 20ன்னு பொருந்தி வந்தால் சந்தேகமே வராது.

இன்னும் கொடுமை, குரூப்பின் சொந்தப் பக்கத்தில் 'மெம்பர்ஸ்' தாவலில் போய்ப் பார்த்தால் 23 பேரும் அழகாக இருப்பாங்க. அந்தத் தாவலில் மட்டும் அதே அமைப்பை 0 ஆக்கிக்கொள்ளும்படி உள்ளே ஒரு நிபந்தனை எழுதியிருக்காங்க. ஒரே ஃபங்ஷன், அங்கே ஒரு கணக்கு, இங்கே ஒரு கணக்கு. யாருக்குத் தோணும்?

தீர்வு ஒரே வரி: அந்த அமைப்புக்கு 0 கொடுங்க. 'இல்லை' என்பதற்காக 'ஃபால்ஸ்'னு மேற்கோளுக்குள் எழுதிடாதீங்க. '0' தவிர, காலியாக இல்லாத எந்த எழுத்துச் சரத்தையும் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) 'ஆம்'னுதான் எடுத்துக்கும், மறுபடி 20லேயே நிற்பீங்க. இந்த கோட் வரிகளைச் சைல்டு தீமிலோ (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை வைக்கிற துணைத் தீம்) தனியாக ஒரு குட்டி பிளக்கினிலோ வையுங்க. மூலத் தீமில் வைத்தால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும்.

இன்னொரு வம்பு. ஒரே பக்கத்தில் செயற்குழு, மகளிர் அணி, இளைஞர் அணின்னு மூணு பட்டியல் போட்டால், ஒன்றில் '2'ஐ அழுத்தினதும் மூணும் இரண்டாம் பக்கத்துக்குப் போயிடும். மூணும் முகவரியில் 'எம்எல்பேஜ்' என்ற அதே சொல்லையே பார்க்குது. 'பேஜ் ஆர்க்' என்ற அமைப்பில் பட்டியலுக்கொரு சொல் கொடுத்தால் சண்டை தீரும்.

எக்செல்லில் இருந்த பெயர்களை நேராக டேட்டாபேஸ் டேபிளில் கொட்டுகிற புண்ணியவான்களுக்கு: குரூப் உறுப்பினர் டேபிளில் 'ஈஸ் கன்ஃபர்ம்டு' என்ற கட்டத்தின் இயல்பு மதிப்பு 0. அதை 1 ஆக்காவிட்டால் ஆள் டேபிளில் இருப்பார், தளத்தில் இருக்கமாட்டார். மேலே காட்டும் எண்ணிக்கையோ குரூப் மெட்டாவில் (குரூப்பின் கூடுதல் விவரங்கள் இருக்கிற வேறொரு டேபிள்) தனியாகச் சேமித்த எண். பின்வாசல் வழியாகச் சேர்த்தால் அது ஏறாது. 'குரூப்ஸ் ஜாய்ன் குரூப்' ஃபங்ஷன் வழியாகச் சேர்த்தால் இரண்டும் சரியாக இருக்கும்.

அகர வரிசையா? தளத்தில் காட்டுகிற பேரை (டிஸ்ப்ளே நேம்) வைத்துத்தான் வரிசைப்படுத்தும். 'செ. முருகன்' செகரத்தில் நிற்பார், 'வ. முருகன்' கடைசியில் நிற்பார். பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் பேர் வைத்திருந்தால் அவங்க எல்லாரும் முன்னால், தமிழ்ப் பேர்கள் பின்னால். இதைப் பிளக்கின் தலையில் கட்டமுடியாது. இனிஷியலைப் பேருக்குப் பின்னால் போடச் சொல்லி உறுப்பினர்களோடு மல்லுக்கட்டுங்க.

காட்ட வேண்டியவரை மறைக்கிறதில் இத்தனை கறாராக இருக்கிற பிளக்கின், மறைக்க வேண்டியதைக் காட்டுவதில் வள்ளல். குரூப்பை 'ஹிடன்' ஆக்கியிருப்பீங்க, டைரக்டரியில்கூட அது தெரியாது. ஆனால் உறுப்பினர்களை எடுத்துத் தரும் 'குரூப்ஸ் கெட் குரூப் மெம்பர்ஸ்' ஃபங்ஷன், கேட்கிறது யார்னு கேட்காது. ஐடி கொடுத்தால் பட்டியலைத் தந்துடும். பொதுப் பக்கத்தில் போட்டால் ஊரே பார்க்கும். அதைவிட மோசம் போன் நம்பர். உறுப்பினர் தன் புரொஃபைலில் அந்தக் கட்டத்தை 'எனக்கு மட்டும்'னு வைத்திருப்பார். நீங்க பேருக்குக் கீழே நம்பரும் வரட்டும்னு 'எக்ஸ்புரொஃபைல் கெட் ஃபீல்டு டேட்டா'வைப் போடுவீங்க. அது அந்த விருப்பத்தைப் பார்க்கிறதே இல்லை. ஹிடன் குரூப்பென்றால், பார்க்கிறவர் அந்தக் குரூப்பில் இருக்கிறாரான்னு சோதிக்கிற நிபந்தனையை நீங்கதான் முன்னால் போடணும். நம்பர் கட்டத்துக்கும் அவருடைய விருப்பத்தை நீங்களே சோதிக்கணும்.

அட்மினாக உள்ளே நுழைந்து பார்த்தால் எல்லாம் சரியாத்தான் தெரியும். லாக் அவுட் பண்ணிட்டு, இன்காக்னிட்டோ ஜன்னலில் அந்தப் பக்கத்தைத் திறங்க. பேருக்குக் கீழே பத்து இலக்கம் தெரியுதா? உடனே பக்கத்தை டிராஃப்டுக்கு (வெளியிடாத நிலைக்கு) மாத்திட்டு, கேஷையும் காலி பண்ணுங்க. தலைவரை அப்புறம் தேடிக்கலாம்.