ட்ரக்டருக்குப் பெட்டி ஒன்றுதான்

ஜப்பானில் எனக்கு முதலில் பிடித்துப்போனது காகத்துக்குப் போட்ட வலை. கிட்டகியூஷு நகரத்தில் வீதியோரம் குப்பைப் பைகளைக் குவித்து, மேலே ஒரு வலையை விரித்துவிடுகிறார்கள். காகம் கொத்திக் கிளறாது. அவ்வளவுதான். ரோபோ, கம்பியூட்டர் என்று எதையெல்லாமோ எதிர்பார்த்துப் போனவனுக்கு இதைத்தான் காட்டினார்கள். எங்கள் வாவிக்கரையில் கிழிந்த வலை எத்தனை கிடக்கிறது என்று மனசு அப்போதே கணக்குப் போட்டது.

எனக்கு வேலை இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பிரதேச சபையில். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா மூலம் கழிவு முகாமைத்துவப் பயிற்சிக்குப் போய்வந்து சில வருசமாகிறது. திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்டது, "அங்க மெசின் எப்படி?" என்றுதான். மெசின் இருக்கிறது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நம் குப்பையில் பாதிக்கு மேல் மரக்கறித் தோலும் மீன் கழிவும் பழைய சோறும். அந்த ஈரத்தை எரிக்க எண்ணெய் வாங்கிக் கட்டாது.

நான் பார்த்துக்கொண்டு நின்றது வண்டியை. சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வருகிறது. மாறிப் போட்ட பையை எடுக்காமல், ஏன் எடுக்கவில்லை என்று ஒரு துண்டு ஒட்டிவிட்டுப் போகிறது. தெருக்காரர் முறை வைத்து அந்த இடத்தைக் கூட்டுகிறார்கள்.

"அது அவங்கட இரத்தத்தில ஊறினது" என்பார்கள் நம்மவர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1960களில் அந்த நகரத்தின் டோகாய் குடாவில் மீன் வாழ முடியாத அளவுக்கு நஞ்சு. ஆலைப் புகையில், காயப்போட்ட உடுப்பு கறுத்துப்போனது. வீட்டுப் பெண்கள்தான் கூட்டாகச் சேர்ந்து, விழுகிற தூசைக் கணக்கெடுத்துக்கொண்டு போய்க் கேள்வி கேட்டார்கள். கேட்கக் கேட்கத்தான் நகரசபையும் ஆலைகளும் திருந்தின.

சரி, என் கதைக்கு வருகிறேன். வந்த சூட்டோடு துண்டுப்பிரசுரம் அடித்தேன்: உக்கும் கழிவு வேறு, உக்காத கழிவு வேறு. வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். ஆச்சரியம், சனம் பிரித்துத் தந்தது. மூன்றாம் கிழமை ஒரு அம்மம்மா படலையடியில் என்னை மறித்தா.

"மனே, நாங்க ரெண்டாப் பிரிச்சுத் தாறம். உங்கட ஆக்கள் ஒரே பெட்டிக்குள்ள கொட்டுறாங்களே, அப்ப என்னத்துக்கு நாங்க கஷ்டப்படுற?"

குப்பை ட்ரக்டர் ட்ரைவரிடம் கேட்டேன். "சேர், பெட்டி ஒண்டுதானே" என்றார். உண்மைதான். மூன்று கிழமை படித்து, செயற்திட்டம் எழுதி, படம் போட்டு விளக்கம் கொடுத்த எனக்கு அது தோன்றவில்லை.

புதுப் பெட்டிக்குக் காசு கேட்டு எழுதிக் காத்திருந்ததில் மாதங்கள் போயின. கடைசியில் நாளைப் பிரித்தோம்: திங்களும் வியாழனும் உக்குவது, சனி மற்றது. அதே ட்ரக்டர், அதே பெட்டி, ஒரு சதம் செலவில்லை. கிட்டகியூஷுவில் கண் முன்னால் நடந்ததும் இதுதான். வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றும் எனக்கு அது உறைக்கவில்லை.

அப்புறம் ட்ரக்டர் பழுதாகி இரண்டு கிழமை நின்றது. சனம் பழையபடி எல்லாவற்றையும் ஒரே சொப்பின் பையில் கட்டி மதகடியில் போட்டது. திட்ட எனக்கு வாய் வரவில்லை. வாக்குத் தவறியது நாங்கள். இப்போது வண்டி வராது என்றால் முதல் நாளே கோயில் ஸ்பீக்கரில் சொல்லிவிடுகிறோம்.

கலந்து கொட்டினால் என்ன என்பவர்கள் அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே திறந்த வெளியில் கொட்டிய குப்பையில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருசத்தில் இருபது யானைகள் அளவில் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. யானைக்குப் பொலித்தீன் மேல் ஆசையில்லை. சோறும் குழம்பும் ஒட்டியிருப்பதால் பையோடு விழுங்குகிறது. சோற்றுப் பார்சல் கட்டும் பொலித்தீன் தாளை, லஞ்ச் சீட்டை, 2017இலேயே தடை செய்தார்கள். பகல் பார்சல் கட்டும் கடைகளில் நின்று பாருங்கள், தெரியும்.

ஜப்பானில் கமிகட்சு என்றொரு சின்ன ஊர் குப்பையை நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறது. அதைக் கேட்ட எங்கள் அலுவலகத்து நண்பர், "நாமளும் பத்தில தொடங்குவமா?" என்றார். தம்பி, அந்த ஊரில் இருப்பதே ஆயிரத்தைந்நூறு பேருக்கும் குறைவுதான். நமக்கு இரண்டே தாளவில்லை.

போன மாதம் அடுத்த பயிற்சிக்குப் பெயர் கேட்டார்கள். ட்ரைவரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். சிரித்தார்கள். பதவித் தரம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும் என்று கடதாசி திரும்பி வந்தது.

நான் அவருக்கு என் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். மற்ற எல்லாவற்றையும் வேகமாகத் தள்ளிவிட்டு, வலைப் படத்தில் நின்றார். அடுத்த சனிக்கிழமை மச்சானிடம் வாங்கிய கிழிந்த வலை சந்தைக் குப்பைக்கு மேல் கிடந்தது. காகம் இன்னும் ஓரத்தால் நுழைகிறது. நாலு மூலைக்கும் கல் வைக்க வேண்டுமாம்.